சக்கரம் வச்ச வீடு

...அந்த மூலையில தட்டாதிய சார். அங்க தட்டுனா சத்தம் பொதக்குனுதான் வரும். உள்ளாற பலகை கொஞ்சம் ஊறிப்போச்சு. கொஞ்சம்னா... கொஞ்சந்தான். இப்படி வாங்க, இந்தப் பக்கம் தட்டிப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கா? ஆனா வர்றவன் எல்லாம் நேரா அந்த மூலைக்குத்தான் போறான். நேத்து ஒரு பெஷாவர்க்காரன் வந்தான். விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுனான், காதை வச்சிக் கேட்டான், உள்ள மீன் வளக்கிறியான்னு என்கிட்டயே கேட்டுட்டுப் போயிட்டான். வாங்க வந்தவன் பேசுற பேச்சா சார் இது.

உக்காருங்க. இதுல உக்காருங்க, அந்த நாற்காலிக்கு ஒரு காலு மடங்கும். அளவெல்லாம் அப்புறம் எடுக்கலாம். நாகலிங்கம் சார், நீங்க முசஃபாவுலேருந்து லீவு நாளும் அதுவுமா இவ்வளவு தூரம் அஜ்மானுக்கு வந்திருக்கிய, பக்காலா மளிகைக் கடைக் கதவுல நான் ஒட்டுன நோட்டீஸை நம்பி. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். இந்த கௌஸ் முகம்மது கடையில கர்ட்டன் வாங்குனவன் ஒருத்தன்கூட சாயம் போச்சுன்னு திரும்பி வந்ததில்ல. சாயம் போயிருக்கும். வரலைங்கிறேன். அது வேற.

வண்டி நல்ல வண்டி, காருக்குப் பின்னால கட்டி இழுக்குற கேரவன். ஜெபல் அலியில ஒரு ஆஸ்திரேலியாக்காரரு, இஞ்சினியரு, அவருகிட்ட வாங்குனது. இந்த அக்டோபர்ல திடீர்னு எல்லாக் கம்பெனியும் சீட்டைக் கிழிச்சானுவல்ல, அதுல அவரு சீட்டும் கிழிஞ்சிருச்சு. ஒரு மாசத்துல ஊருக்குப் போகணும். இதை அவரு ஊர்லேருந்து கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தவரு, திரும்ப ஏத்திக்கிட்டுப் போக மனசில்ல. நான் அவரு வீட்டுக்குப் போனது கர்ட்டன் கழட்டுறதுக்கு. அவரு பாட்டுக்கு ஒரு ஆல்பத்தை எடுத்து விரிச்சிட்டாரு. அங்க தொட்டுத்தான் சார் எனக்குச் சனி.

ஒரு ஃபோட்டோ. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செம்மண்ணு பொட்டல், மரமில்ல மட்டையில்ல. நடுவுல இந்த வண்டி. முன்னால ரெண்டே ரெண்டு நாற்காலி. அவரும் அவரு பொஞ்சாதியும் ஆளுக்கு ஒரு டீயைக் கையில வச்சிக்கிட்டு கடலைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒண்ணும் செய்யல சார். பேசிக்கிட்ட மாதிரிக்கூடத் தெரியல. எனக்கு அதைப் பாத்ததும் ஒரு ஆசை வந்துருச்சு. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதுல மொத பதிமூணு வருஷம் நான் இங்க பேச்சலர் ரூம்ல, அஸ்மத் பீவி அங்க ஊர்ல. அப்புறம் ஃபேமிலி விசா எடுத்துக் கூட்டியாந்தேன். கூட்டியாந்து என்ன, நான் கடையில, அவ அடுப்படியில. ரெண்டு பேரும் சேந்து சும்மா உக்காந்து ஒரு டீ குடிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல.

இல்ல இல்ல, எந்திரிக்காதிய. டயர் புதுசுதான். நீங்க உக்காருங்க.

இன்னொரு விஷயம் இருக்கு. நமக்கு ஊரு கீழக்கரை. எங்க ஊர்ல வீடுங்கிறது பொம்பளைப் பிள்ளைக்குத்தான். பொண்ணு பெரியவளாகுறதுக்குள்ள வாப்பா வீடு கட்டி அது பேர்ல எழுதி வச்சிருவாரு. மாப்பிள்ளை பொட்டியைத் தூக்கிக்கிட்டு அங்க குடி போகணும். நானும் போனேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மரியாதை. லீவுல போய் இறங்குனா மாப்பிள்ளைக்குன்னு தனி ரொட்டி, தனிக் கறி. மாமி கதவுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு அகப்பை வைங்கம்பாங்க. ஆனா ஒரு ஆணி அடிக்க முடியாது சார். சட்டை மாட்ட ஒரு ஆணி. அடிக்கட்டான்னு கேட்டா, உம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்னு சொல்லுவா அஸ்மத். நானும் இருபத்திரண்டு வருஷமா சட்டையைக் கதவு மேல போட்டுக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேன்.

இங்க இருக்கிற ஃப்ளாட்டா? அது அரபி வீடு. வருஷா வருஷம் வாடகை ஏத்துறவன் வீடு நம்ம வீடாகுமா?

அதனால இதை வாங்கி இந்தப் பொட்டல்ல கொண்டாந்து நிறுத்துன அன்னைக்கி நான் செஞ்ச மொத காரியம், உள்ள போய் ஒரு ஆணி அடிச்சேன். சுவரு தகரமும் பலகையும்தானே, ஆணி அந்தப் பக்கமா வெளிய வந்துருச்சு. அதோ, அந்த ஜன்னலுக்குப் பக்கத்துல துருப்பிடிச்ச மாதிரி தெரியுதுல்ல, அதான். பரவாயில்ல, என் வீடு, என் ஆணி.

சரி, பெருநாள் லீவுல போவோம்னு முடிவு. நான், அவ, மக மின்ஹா. மூணே பேரு. ஆனா என் வண்டி கொரோலா. அது இதை இழுக்குமா? கழுதை கப்பல் இழுத்த கதையாயிரும். பஜேரோ இருக்கிறது மச்சினன் ராஜிக்கிட்ட. அஸ்மத்தோட தம்பி. பஜேரோ வந்தா ராஜிக் வருவான். ராஜிக் வந்தா அவன் பொஞ்சாதி வருவா. அவ வந்தா மூணு பிள்ளைங்க. நாலு பேர் படுக்கிற வண்டிக்கு எட்டுப் பேரு. நாற்காலி ரெண்டுதான். அதுல மொத நாளே ராஜிக் உக்காந்துட்டான்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் அஸ்மத் உள்ள ஏறிப் பாத்தா. நான் கடையிலேருந்து நல்ல காப்பிக் கலர்ல துணி எடுத்து நானே கர்ட்டன் தச்சி மாட்டியிருந்தேன். அதைக் கழட்டிட்டு மல்லிகைப்பூ போட்டதை மாட்டிட்டா. ரெண்டு பெரிய தேக்சாச் சட்டி, ஒரு மூட்டை அரிசி, நெய் டின்னு. நான் சாமான் வைக்கன்னு நெனச்ச அலமாரியில எல்லாம் மசாலா டப்பா. என் ஆணியில கறிவேப்பிலைப் பை தொங்குது. ஒரு மணி நேரம் சார். ஒரே மணி நேரத்துல அது அவ வீடாயிருச்சு. நான் செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு, உள்ள வரலாமான்னு கேட்டேன். தமாசுக்குத்தான் கேட்டேன். அவ சிரிக்காம, வாங்கன்னா.

கக்கூஸ் இருக்கு, இருக்கு. அந்தச் சின்னக் கதவுதான். புத்தம் புதுசு. ஏன் புதுசுன்னா யாரும் போகல. இந்தப் பக்கம் சோறாக்குறது, அந்தப் பக்கம் அதுவா, நடுவுல ஒரு அட்டைக் கதவான்னு அஸ்மத் முகத்தைச் சுளிச்சா. உடனே ராஜிக் பொஞ்சாதியும் சுளிச்சா. அவ்வளவுதான், கலாஸ். ஒவ்வொரு தடவையும் பஜேரோவைக் கழட்டி, எல்லாரையும் ஏத்தி, பெட்ரோல் பம்பு எங்க இருக்குன்னு தேடிப் போறது. இதை ஞாபகம் வச்சிக்கிங்க சார், இந்த வண்டி நனைஞ்சதுக்கு மொதக் காரணம் இதுதான். கக்கூஸ் இருக்கிற வீட்டுல கக்கூஸுக்குப் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

பெருநாள் முடிஞ்சி, குர்பானிக் கறியெல்லாம் பங்கு வச்சிட்டு, மூணாம் நாள் காலையில கிளம்புனோம். அபுதாபி தாண்டி, தாரிஃப் தாண்டி, லிவா ரோட்டுல. மணிக்கு அறுபதுதான். லாரிக்காரன் எல்லாம் ஆரனை அமுக்கிட்டே தாண்டிப் போறான். ஆனா ஒண்ணு சொல்றேன், இத்தனை வருஷம் இந்த நாட்டுல இருந்து நான் பாத்தது கடை, கோடவுனு, டிராஃபிக் சிக்னல். அன்னைக்கிச் சாயந்திரம் லிவாவுல மணல் மேடு பாத்தேன் பாருங்க. மேடா அது, மலை. வெயில் சாயச் சாய மஞ்சளா இருந்தது காவியாகுது, காவியா இருந்தது செங்கல் கலராகுது. காத்து ஒரு ஓரமா சீவிக்கிட்டே இருக்கு. என்கிட்ட அறுபது ஷேடு கர்ட்டன் துணி இருக்கு சார், அதுல ஒண்ணுகூட அந்தக் கலர் இல்ல. அஸ்மத்தைக் கூப்பிட்டேன், வா பாருன்னு. பிள்ளைங்க காலுல மணலோட உள்ள ஏறுதுங்க, நான் கூட்டிக்கிட்டு இருக்கேன்னா. பாலைவனத்துக்கு நடுவுல நின்னு மணல் கூட்டுறா.

மறுநாள் பிறை பதிமூணு. அதையும் நான் கணக்குப் பண்ணித்தான் வச்சிருந்தேன், கடற்கரையில நிலா நல்லா இருக்கும்னு. மேக்கால போய் ஒரு மண்ரோட்டுல இறங்குனா... யா அல்லா, அந்த மாதிரி ஒரு இடம். ஆளு கிடையாது. கடல் எங்கயோ தூரத்துல ஒரு பச்சைக் கோடாத் தெரியுது. இங்கேருந்து அதுவரைக்கும் தட்டையா, பாய் விரிச்ச மாதிரி மணல். நடுநடுவுல தண்ணி தேங்கி நிக்கிற இடத்துல ரோஸ் கலர்ல கொக்கு மாதிரி ஒரு முப்பது நாப்பது. ஃப்ளமிங்கோ வாப்பான்னா மின்ஹா. எனக்கு அந்த ஃபோட்டோதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ராஜிக், மேட்டுலயே நிறுத்துவோம் மச்சான்னான். மேட்டுல நிறுத்தவா ஆஸ்திரேலியாவுலேருந்து வண்டி வந்துச்சு? இழுடான்னேன். மணல் நல்லா இறுகிக் கிடந்துச்சு, சக்கரம் ஒரு இஞ்சுகூட இறங்கல. கடலுக்குப் பாதி தூரம் போய் நிறுத்தி, கதவு கடலைப் பாக்க வச்சேன். மணி பதினொண்ணு.

நெய்ச்சோறு, கறி. சாப்பிட்டதும் கண்ணைக் கட்டிருச்சு. பிள்ளைங்களுக்குப் பெட்ரோல் பம்புக்குப் போகணும், ராஜிக் பஜேரோவைக் கழட்டிக்கிட்டு எல்லாரையும் ஏத்திட்டுப் போயிட்டான். மின்ஹாவும் போயிட்டா. நானும் அஸ்மத்தும் மட்டும். நான் உள்ள போய்ப் படுத்தேன். முழிச்சிப் பாத்தா நாலு மணி. கட்டிலுக்குக் கீழ கையை விட்டேன், செருப்புத் தேட. கை தண்ணிக்குள்ள போகுது.

சிரிக்காதிய சார். ஆமா, தண்ணி. வீட்டுக்குள்ள கணுக்காலுக்கு மேல தண்ணி. ஜன்னல் வழியாப் பாத்தா சுத்திவரக் கடல். கரை எங்கயோ இருக்கு. அரிசி மூட்டை மிதக்குது. ஒரு பக்கத்துச் சக்கரம் புதைஞ்சி வண்டி சாய ஆரம்பிச்சிருச்சு. இழுக்க பஜேரோ இல்ல. அது பெட்ரோல் பம்புல நிக்கிது. இப்பச் சொல்லுங்க, அந்தக் கக்கூஸுக்குப் போயிருந்தா?

பலதியாக்காரன், அதான் முனிசிபாலிட்டிக்காரன், அங்க ஒரு போர்டு வச்சிருக்கலாம்ல. வைக்கல. ராஜிக் சீக்கிரம் வந்திருக்கலாம்ல. பம்புல பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கிட்டு நின்னிருக்கான். கடலும் ஒரு கடலா நடந்துக்கலை. எங்க ஊர்க் கடலை நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன். வத்துனா முழங்காலு, பெருகுனா இடுப்பு, அவ்வளவுதான், ஒரு குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கும். இது என்னடான்னா காலையில மைல் தூரம் போயிட்டு, மத்தியானம் சொல்லாம கொள்ளாம வீட்டுக்குள்ள வந்து நிக்கிது.

என்ன? அங்க யாருமே சொல்லலையான்னு கேக்குறியளா?

...சொன்னாங்க.

ஒரு வயசான அரபி. பழைய பிக்கப்புல மீன் பிடிக்கிற கம்பிக்கூடு ஏத்திக்கிட்டு மேட்டோரமாப் போனவரு, எங்களைப் பாத்துட்டு இறங்கி நடந்து வந்தாரு. கடலைக் காட்டுறாரு, எங்க வண்டியைக் காட்டுறாரு, கையை நெஞ்சு வரைக்கும் தூக்கிக் காட்டுறாரு. நான், மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சனையில்ல, நானும் கடக்கரைக்காரன்தான்னேன். அவரு பிக்கப்பைப் பாக்கத் திரும்பி நடந்துட்டாரு.

அஸ்மத்தும் சொன்னா. அவ வாப்பாவுக்கு ரெண்டு தோணி இருந்துச்சு, அவளுக்குத் தெரியும். குனிஞ்சி மணலை ஒரு கை அள்ளிப் பாத்தா, நண்டு வளையைப் பாத்தா. இது தண்ணி போயிட்டு வர்ற இடம், மேட்டுக்கு நகத்துங்கன்னா. ஒரு தடவைதான் சொன்னா. ராஜிக் நிக்கிறான், அவன் பொஞ்சாதி நிக்கிறா, பிள்ளைங்க நிக்கிதுங்க. எனக்கு அந்த நேரத்துல என்ன வந்துச்சுன்னே தெரியல சார். ஆணியில தொங்குன அந்தக் கறிவேப்பிலைப் பையா, நாற்காலியில உக்காந்திருந்த ராஜிக்கா, தெரியல. சொல்லிட்டேன். "இது உன் வாப்பா உனக்குக் கட்டிக் கொடுத்த வீடில்ல. இது என் வீடு. எங்க நிக்கணும்னு நான் சொல்லுவேன்."

அந்த வாப்பா மௌத்தாகி நாலு வருஷந்தான் ஆகுது. ஒரு நாளு என்னை ஒரு சொல்லு சொன்னதில்ல அந்த மனுசன். அவரு கட்டுன வீட்டுல அவரு போட்ட சோத்தை நான் தின்னவன்.

அவ போய் எனக்குச் சோறு வச்சா. நான் முழிச்சிப் பாத்தப்ப, வாசப்படியில உக்காந்திருந்தா. காலு ரெண்டும் தண்ணிக்குள்ள. கடலைப் பாத்துக்கிட்டு இருக்கா. தண்ணி ஏறுறதை மொதலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா சார். ஏன்டி என்னை எழுப்பலைன்னு கத்துனேன். திரும்பிக்கூடப் பாக்கல. "உங்க வீடு. தண்ணியை உள்ள விடணுமா வேண்டாமான்னு நீங்கதானே சொல்லணும்."

எனக்கு அந்தத் தண்ணியில குளிரல சார், அதைக் கேட்டதும் குளிரெடுத்துருச்சு.

அந்த அரபிதான் திரும்ப வந்தாரு. தண்ணி வத்துறவரைக்கும் காத்திருந்து கயிறு கட்டி இழுத்தாரு. முன்னயே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை நானும் சொல்லியிருப்பேன். அஸ்மத் மிச்சமிருந்த நெய்ச்சோத்தைத் தேக்சாவோட தூக்கி அவருகிட்ட கொடுத்தா. அவரு வாங்கிக்கிட்டாரு.

இங்க அஜ்மான் வந்து சேந்து, நான் பொட்டியைத் தூக்கிக்கிட்டு மாடியில இருக்கிற நம்ம ஃப்ளாட்டுக்கு ஏறிப் போனேன். அஸ்மத் கதவுல நின்னா. உங்களுக்குத்தான் வீடு இருக்குல்ல, அங்கயே இருந்துக்குங்கன்னா. சத்தம் போட்டுச் சொல்லல. சாப்பாடு ஆயிருச்சுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னா. இன்னையோட பதினோரு நாளு. நான் இதுக்குள்ளதான் கிடக்குறேன். பக்கத்துல கிரிக்கெட் விளையாடுற பிள்ளைங்க பந்து விழுந்தா, அங்கிள் பால்னு வந்து நிக்கிதுங்க. மூணு வேளையும் சாப்பாடு வந்துருது, மின்ஹா கேரியர்ல கொண்டாருவா. மீனு, கறி, ரொட்டி, எல்லாம் சரியா இருக்கும். ஆனா கேரியர் கேக்காதுல்ல சார், இன்னும் ஒரு அகப்பை வைக்கட்டான்னு. நேத்து மின்ஹாகிட்ட, உம்மா எப்படி இருக்கான்னு கேட்டேன். ஷி இஸ் ஃபைன் வாப்பான்னுட்டுப் போயிட்டா.

அதான் விக்கிறேன். வேறென்ன. இதை வித்துட்டு மாடிக்குப் போய், எனக்கு இப்ப வீடு இல்லன்னு நிப்பேன். வீடு இல்லாத மாப்பிள்ளையை எங்க ஊர்ப் பொம்பளை யாரும் வெளிய நிக்க வைக்க மாட்டா. அதனால நீங்க எவ்வளவு கேட்டாலும் சரிங்கப் போறேன் சார். நீங்க சொல்றதுதான் விலை. எடுத்துக்கிங்க. ஊறுன பலகையை முசஃபாவுல மாத்திருங்க, அங்கதான் எல்லா ஒர்க்‌ஷாப்பும் உங்களுக்குப் பக்கத்துலயே இருக்கே.

முல்கியாவா? ஆமா, வண்டி யார் பேர்லங்கிற பேப்பர் இல்லாம எப்படி. இருக்கு. அது... நனைஞ்சி காய வச்சது, மெதுவாப் பிரிங்க.

என்ன பாக்குறிய. சரியாத்தான் படிக்கிறிய. அஸ்மத் பீவின்னுதான் இருக்கு.

நான் ஏமாத்துக்காரன் இல்ல சார். எனக்கே அஞ்சாம் நாள் அதை வெயில்ல காயப்போடும்போதுதான் தெரியும். பேர் மாத்துற அன்னைக்கி டிராஃபிக் ஆபீஸுக்கு வெளிய டைப்பிங் கடையில உக்காந்திருந்தேன். விசா புதுப்பிக்கிறதுக்காக எல்லார் பாஸ்போர்ட்டும் கையிலதான் இருந்துச்சு. அந்தப் பையன் கீபோர்டைப் பாத்துக்கிட்டே, யார் பேர்லன்னான். என் ரெண்டு தங்கச்சி வீட்டுப் பத்திரமும் நான்தான் போய் எழுதுனேன். மின்ஹாவுக்கு மனை வாங்குனதும் நான்தான் எழுதுனேன். வீட்டை யார் பேர்ல எழுதுறதுன்னு எவன் கேட்டாலும் எங்க ஊரு ஆம்பளை வாயில வேற பேரு வராது. தானா வந்துருச்சு. பாஸ்போர்ட்டையும் எடுத்து நீட்டிட்டேன். அவன் நீட்டுன இடத்துலயெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன், அரபியில என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். அவளுக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது.

இப்ப அவ கையெழுத்து வேணும். நீங்க எந்திரிக்காதிய சார்... ஒரு அஞ்சு நிமிசம் என்கூட மாடிக்கு வாங்களேன். வெளி ஆளு வந்தா கதவைத் திறப்பா. பேப்பரை நீங்களே நீட்டிருங்க... வீட்டுல பசங்க காத்திருக்காங்களா? சரி. அடுத்த வாரமா? சரி சார். போன் பண்ணுங்க. பண்ண மாட்டிய, தெரியும், இருந்தாலும் பண்ணுங்க.

அந்தப் பக்கம் ரிவர்ஸ் எடுங்க, இந்தப் பக்கம் மணல், புதைஞ்சிரும். சார், கண்ணாடியை ஏத்தாதிய, ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. நான் போய் இப்படிச் சொன்னா சரியா இருக்குமா: அஸ்மத், நீ நகத்தச் சொன்னது உன் வீட்டைத்தான். நான்தான் உன் வீட்டுல நின்னுக்கிட்டு உன்னை அதிகாரம் பண்ணிட்டேன். கதவைத் திறக்காட்டியும் பரவாயில்ல, வெளிய நின்னே சொல்லிர்றேன்... சார்?